வைக்கணும், போடக்கூடாது

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். அது ரக்பி இல்ல. பத்து வருஷமா இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. மாத்தளை பஸ் ஸ்டாண்ட்ல என்னைப் பாத்து "என்ன, ரக்பி எல்லாம் எப்படிப் போகுது"ன்னு கேக்கிற ஆளுங்க இப்பவும் இருக்காங்க. பஸ் போனாலும் போகட்டும்னு நின்னு விளக்கம் சொல்லிட்டுத்தான் ஏறுவேன். பந்து உருண்டையா இருந்தா கால்பந்து, சின்னதா இருந்தா கிரிக்கெட், நீளமா இருந்தா ரக்பி. அதோட நம்ம ஊர்க்காரங்களுக்கு உலகத்தில உள்ள விளையாட்டெல்லாம் முடிஞ்சுது.

நான் ஆடினது ஆஸ்திரேலியன் புட்போல். மைதானம் கிரிக்கெட் கிரவுண்ட் அளவு. ரெண்டு முனையிலயும் வலை இல்லாம நாலு நாலு கம்பம். நடுவில உள்ள ரெண்டுக்குள்ள உதைச்சா ஆறு புள்ளி, பக்கத்து இடைவெளியில போனா ஒண்ணு. பந்தைக் கையால எறியக்கூடாது, முஷ்டியால குத்தணும், இல்லாட்டி உதைக்கணும். தூரத்திலிருந்து உதைச்சு வர்ற பந்தை ஆகாயத்திலேயே சுத்தமாப் பிடிச்சிட்டா, ஒருத்தனும் உன்னைத் தொடக்கூடாது, நிதானமா நின்னு உதைக்கலாம். பந்தை வெச்சுக்கிட்டு ஓடவும் ஓடலாம். ஆனா பதினஞ்சு மீட்டருக்கு ஒரு தடவை அதை நிலத்தில அடிச்சு, எழும்பி வர்றதைப் பிடிக்கணும். இந்தக் கடைசி விதி இருக்கே, அதுதான் என் உயிரை வாங்கிச்சு.

அப்போ எனக்கு இருபத்தொம்பது வயசு. தம்புள்ளை மரக்கறிச் சந்தையில நாட்டாமி வேலை. லொறியில வர்றதை இறக்குறது, போறதுக்கு ஏத்துறது, அவ்வளவுதான். வீடு பலாபத்வலையில, யாழ்ப்பாண ரோட்டிலிருந்து உள்ளுக்கு. வீடுன்னா முழு வீடு இல்ல, ஒரு அறைக்குக் கூரை இருந்துச்சு, மத்த ரெண்டு அறைக்கும் வானம் இருந்துச்சு. சம்சாரம் மாத்தளை டவுன்ல ஒரு துணிக்கடையில வேலை. காலையில அவ தெற்கால பஸ் ஏறுவா, நான் வடக்கால பஸ் ஏறுவேன்.

எங்க கேங்ல ஆறு பேர். தலைவர் மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் மனுஷன், எல்லாருக்கும் அவர் 'நானா', அண்ணன் மாதிரி. மூட்டை தூக்குறது யாரும் செய்வான். எங்க கேங்குக்குப் பேரு வந்தது பூசணிக்காயில. பூசணி மூட்டையில வராது, லொறி நெறைய வெறுமனே குவிச்சு வரும். ஒருத்தன் மேல நின்னு எடுத்து எறிவான், கீழ உள்ளவன் பிடிச்சு அடுத்தவனுக்கு எறிவான், இப்படியே கை மாறிக் கை மாறிக் கடைக்குள்ள போகும். எறியும்போது "ஒன்ன!"ன்னு ஒரு சத்தம் குடுக்கணும். இதோ வருது, பிடின்னு அர்த்தம். சிங்களவன், தமிழன், முஸ்லிம் எல்லாருக்கும் அந்தச் சந்தையில அதுதான் மொழி. ஒரு லொறியை ஒரு பிளேன்டீ ஆறுறதுக்குள்ள முடிப்போம்னு நானா பீத்திக்குவாரு. அது கொஞ்சம் கூடுதல்தான், ஆனா ரொம்ப இல்ல.

பூசணியில ஒரு விஷயம் இருக்கு. வெளியில பாத்தா பாறை மாதிரி இருக்கும். கீழ போட்டா வெடிக்காமலும் இருக்கலாம். ஆனா உள்ளுக்குக் கன்றிப் போயிடும். ரெண்டு நாள்ல அழுகி, பக்கத்தில உள்ளதையும் கெடுக்கும். அதனால எங்க கேங்ல ஒரே சட்டம்தான்: வைக்கணும், போடக்கூடாது. யாராவது ஒண்ணைக் கீழ விட்டா, அவன் அந்த லொறி முடியிற வரைக்கும் வேலை செய்யக்கூடாது. விழுந்த காயை மடியில வெச்சுக்கிட்டு நடைபாதையில உக்காந்திருக்கணும். போறவன் வர்றவன் எல்லாம் நின்னு, பிள்ளைக்கு எத்தனை மாசம், பேரு வெச்சாச்சா, யாரு சாடைன்னு கேப்பானுங்க. முதல் வாரத்தில நான் ஒரு தடவை அப்படி உக்காந்தேன். ஒரு வயசான சிங்கள அம்மா உண்மையிலேயே என் பூசணியோட தலையைத் தடவிட்டுப் போனாங்க. அன்னைக்கு நெனச்சேன், செத்தாலும் இனிக் கையிலிருந்து ஒண்ணு விழக்கூடாதுன்னு. விழவும் இல்ல.

ஒரு நாள் காலையில ஒரு தொப்பிக்காரர் வந்து எங்க லொறிக்கு எதிர்ல நின்னாரு. கேரட்டும் லீக்ஸும் வாங்க வந்தவரு, பையைக் கீழ வெச்சிட்டு எங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஒரு லொறி முடிஞ்சு அடுத்த லொறி வந்துச்சு, மனுஷன் நகரல. யாரோ மேலிடத்து ஆள், குத்தம் கண்டுபிடிக்க வந்திருக்கான்னு எனக்கு எரிச்சல். வேணும்னே அவரு கால் பக்கத்தில ஒரு காயை அழுத்தி வெச்சேன். அவரு காயைப் பாக்கல, என் கையைப் பாத்தாரு.

கண்டிப் பக்கத்துச் சிங்கள மனுஷன் அவரு. மெல்பர்ன்ல இருபது வருஷம் இருந்துட்டு வந்து, சீகிரியா ரோட்டில ஒரு கெஸ்ட் ஹவுஸ் போட்டிருந்தாரு. சந்தைக்கு வந்தது அங்க சமைக்கிறதுக்கு மரக்கறி வாங்க. அந்த ஊர்ல இந்த ஆட்டத்தை ஆடிப் பழகி, இங்க வந்தும் பைத்தியம் விடாம, ஹோட்டல் பையன்களையும் ஆட்டோ ஓட்டுற பையன்களையும் சேத்து ஒரு டீம் வெச்சிருந்தாரு. ஞாயிற்றுக்கிழமைகள்ல கொழும்புக்குப் போய் அங்க உள்ள டீம்களோட ஆடுவாங்க. அவரு நானாகிட்ட, இந்த ஆள் கையிலிருந்து காய் விழுமான்னு கேட்டிருக்காரு. நானா என்னைக் கேக்காமலே, ரெண்டு வருஷமா விழல, வேணும்னா கூட்டிட்டுப் போங்க, ஆனா திங்கக்கிழமை காலையில திருப்பித் தந்துடணும்னு சொல்லிட்டாரு. ஆளை இரவல் குடுத்த மாதிரிதான்.

சனிக்கிழமை பின்னேரம் சீகிரியாப் பக்கம் ஒரு புழுதிக் கிரவுண்டுக்குப் போனேன். அங்க பயிற்சி ஆறு மணியோட முடிஞ்சிடும், அதுக்கு மேல யானை வரும். கோச், அதான் அந்தத் தொப்பிக்காரர், நாப்பது மீட்டர் தள்ளி நின்னு பந்தை உயர உதைச்சாரு. பிடிச்சேன். வெயிலுக்கு நேரா உதைச்சாரு. பிடிச்சேன். ரெண்டு தடிப்பயலுங்களை என் முதுகில மோத விட்டு உதைச்சாரு. அதையும் பிடிச்சேன். பின்ன என்ன? லொறி மேல நிக்கிறவன் உன் முகத்தைப் பாத்தா எறியுறான்? அன்னைக்கு ஒண்ணுகூட விழல. ரக்பி ஆடி வந்த பையன் ஒருத்தன் இடுப்பில கை வெச்சுக்கிட்டு என்னையே பாத்தான். எனக்கு அப்படி ஒரு பெருமை. வாழ்க்கையில முதல் தடவையா என் தொழிலைப் பாத்து ஒருத்தன் வாயைத் தெறந்து நின்னது அன்னைக்குத்தான்.

அப்புறம் கோச், இப்போ ஓடு, பதினஞ்சு மீட்டர்ல நிலத்தில அடிச்சு எடுன்னாரு.

ஓடினேன். பத்து மீட்டர், பதினஞ்சு மீட்டர், இருபது மீட்டர். பந்து கையிலேயே இருக்கு. விசில். மறுபடி ஓடினேன். கையை ஓங்கினேன், பந்து போகல, விரல் அதை இன்னும் இறுக்கிப் பிடிச்சுது. விசில். கண்ணுக்கு அது தோல் பந்துன்னு தெரியுது. கைக்குத் தெரியல. கைக்கு அது காய். காயை எவனாவது ஓங்கி நிலத்தில அடிப்பானா? கோச் முதல்ல சிரிச்சாரு, அப்புறம் விளக்கினாரு, அப்புறம் கத்தினாரு. நானும் பதிலுக்குக் கத்தினேன், எனக்கும் வாய் இருக்கே. யானை வர்ற நேரமாச்சுன்னு மத்தவங்கதான் எங்களைப் பிரிச்சு விட்டாங்க.

நம்ப மாட்டீங்க, அந்தப் பந்தை ஒரு நாள் சந்தைக்குக் கொண்டு போனேன். கேங்ல உள்ள அத்தனை பேரையும் ஓடி அடிச்சுப் பாக்கச் சொன்னேன். ஒருத்தனாலயும் முடியல. ஒருத்தன் சீமெந்துத் தரைக்கு ஒரு சாண் உயரம் வரைக்கும் கொண்டு போய், மெதுவா வெச்சிட்டு நிமிர்ந்து எங்களைப் பாத்து அசடு வழிஞ்சான். நானா பந்தை ரெண்டு கையாலயும் வாங்கி, தரையைப் பாத்து, பந்தைப் பாத்து, திருப்பி என் கையில தந்துட்டாரு. தனக்கு மனசு வரலன்னாரு. எங்க ஆறு பேருக்கும் ஒரே வியாதி.

ஆனாலும் நான் ஆட்டத்தை விடல. பந்து பிடிக்கிற வேலைக்குப் பின் வரிசையில என்னைப் போட்டாங்க. பிடி, உடனே உதை, ஓடாதே. அதுதான் கோச் எனக்குப் போட்ட கட்டளை. முதல்ல என் உதை கோணல் மாணலாப் போச்சு. ஆறு மாசத்தில நேராச்சு. ஒவ்வொரு ஞாயிறும் விடியக் கொழும்பு பஸ் ஏறி, பொழுது போய் வீட்டுக்கு வருவேன். முழங்கையில சிராய்ப்பு, முதுகில நீலம், கை இல்லாத ஒரு பெனியன், தொடை தெரிய ஒரு காற்சட்டை. சம்சாரம் மேலயும் கீழயும் பாப்பா. இப்படி ஒரு விளையாட்டு இருக்குன்னு அவ நம்பவே இல்ல. அவ கடையில யாருக்கும் தெரியல, அவ அப்பாவுக்குத் தெரியல, கோயில்ல கேட்டாளாம், அங்கயும் யாருக்கும் தெரியலயாம். ஒரு நாள் என் விலாவில மஞ்சள் பத்துப் போட்டுக்கிட்டே மெல்லக் கேட்டா:

"அடிச்சது யாரு? அவ புருஷனா?"

எனக்குக் கோபம் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, சிரிச்சா விலா வலிக்குது. கொழும்பில எனக்கு ஒருத்தி இருந்தா இந்தக் கோலத்திலயா திருப்பி அனுப்புவான்னு கேட்டேன். அதுவும் சரிதான்னு சொல்லிட்டுப் பத்தைக் கொஞ்சம் அழுத்தியே போட்டா.

ரெண்டாம் வருஷம் ஒரு மேட்ச்சில அது நடந்துச்சு. பந்தைப் பிடிச்சேன், உதைக்க ஆள் இல்ல, முன்னால ஒரே வெளி. கால் தானா ஓடிடுச்சு. பதினஞ்சு மீட்டர் ஆகுது, விசில் வரப் போகுது. என்ன செய்றேன்னு தெரியாமலே ஓட்டத்தோட குனிஞ்சு, பந்தை ரெண்டு கையாலயும் புல்லில வெச்சு எடுத்தேன். கடைக்குள்ள கடைசிக் காயை அடுக்கிற மாதிரி. எதிர் டீம்காரன் நான் ஆட்டத்தை விட்டுட்டேன்னு நெனச்சு நின்னுட்டான். எங்க ஆளுங்களும் நின்னுட்டாங்க. நானும் நின்னேன். நடுவர் மட்டும் நிக்கல, ஓடு ஓடுன்னு கையைக் காட்டினாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, விதியே அப்படித்தானாம். அடிச்சும் எடுக்கலாம், நிலத்தில தொட வெச்சும் எடுக்கலாம். ரெண்டும் சரி.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேக்காதீங்க. நேரா கோச்கிட்டப் போனேன். ஒன்றரை வருஷமா இதை ஏன் சொல்லல? தெரியும், ஆனா அது ஆகாதுன்னாரு மனுஷன். குனியிறவனுக்கு ஒரு அடி போயிடும், காய்ஞ்ச மைதானத்தில பின்னால வர்றவன் பிடிச்சு அமுக்கிடுவான். சொல்லி வாய் மூடல, அடுத்த ரெண்டு மேட்ச்சிலயும் அப்படியே அமுக்கினாங்க. பல்லில புல் ஒட்டிக்கிட்டு எழும்பினேன். அவரு சொன்னது சரின்னு ஒத்துக்க மனசு வரல, ஆனா சரிதான்.

அந்த நேரம்தான் ரெண்டு செய்தி ஒண்ணா வந்துச்சு. நாட்டு டீம் ஒண்ணு ஆஸ்திரேலியாவுக்குப் போகப் போகுது, கொழும்பில ஒரு தேர்வு மேட்ச் வெச்சு ஆள் எடுப்பாங்க, அங்க மூணு மேட்ச், டிக்கெட்டை அங்க உள்ள நம்ம நாட்டு ஆளுங்க பாத்துக்குவாங்க. இது ஒண்ணு. மச்சான், அதாவது சம்சாரத்தோட அண்ணன், கட்டார்ல ஒரு பெரிய ஸ்டோர்ல எனக்கு வேலை பேசி, தான் இருக்கிற தொழிலாளர் கேம்ப் ரூம்லயே கட்டிலும் பிடிச்சு வெச்சிட்டாரு, மாசம் முடியிறதுக்குள்ள பதில் சொல்லணும். இது ரெண்டு. ரெண்டு வருஷம் போயிட்டு வந்தா மத்த ரெண்டு அறைக்கும் கூரை வந்துடும். நல்ல மனுஷன் மச்சான், பல பேருகிட்டத் தலை சொறிஞ்சு எனக்காக வாங்கின இடம் அது. வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?

எனக்கோ முப்பத்தொரு வயசு. ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா, இந்த ஆட்டத்தில என்னைத் தண்ணி போத்தல் தூக்கத்தான் கூப்பிடுவாங்க. நாட்டுச் சட்டையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போட்டு ஆடணும். எனக்கு வேற ஆசையே இல்ல. சம்சாரம் இதைக் கேட்டுட்டு ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் சோறு போடும்போது தீர்ப்புச் சொன்னா. தேர்வு மேட்ச்சுக்கு அவளும் வருவா, தன் கண்ணால பாப்பா. பேரு வந்தா ஆஸ்திரேலியா போகலாம். வராட்டி அன்னைக்கே பந்தை மூட்டை கட்டிட்டுக் கட்டார். நான் சரின்னேன். நியாயமான தீர்ப்பு, அதில ஒரு சொல்லும் பேச முடியாது.

நாட்டு டீமுக்கும் எங்க கோச்தான் கோச், அவரும் அவரு பங்குக்கு ஒண்ணு போட்டாரு. ஓடும்போது பந்தை அடிச்சு எடுக்கத் தெரியாதவனை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிட்டுப் போனா அங்க உள்ள சின்னப் பிள்ளைங்க சிரிக்கும், கத்துக்கிட்டா வா, இல்லாட்டி இல்லன்னாரு. மூணு வாரம் நானும் பலாபத்வலை ரோட்டோரம் ஓடி ஓடிப் பாத்தேன். பந்து கையை விட்டுப் போகல. ஒரு தடவை போச்சு, போனது சாக்கடைக் கானுக்குள்ள விழுந்துச்சு. அதைத் தூக்கிக் கழுவும்போது, கன்றிப் போயிருக்குமோன்னு அழுத்திப் பாத்தேன். என்னை நானே திட்டிக்கிட்டேன்.

தேர்வு அன்னைக்குக் கொழும்பில காலையிலிருந்தே மழை. சாதாரண மழை இல்ல, வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. மேட்ச் நடக்காதுன்னு நெனச்சோம், ஆனா தேர்வாளருங்க வந்துட்டாங்க, அவங்களும் திரும்பிப் போகணுமே, ஆடுங்கன்னுட்டாங்க. சம்சாரம் நல்ல சேலை கட்டி, குடையோட, பிளாஸ்க்ல டீயோட, படிக்கட்டில உக்காந்திருந்தா. மைதானத்தில முப்பத்தாறு ஆம்பளைங்க ஓடுறதைப் பாத்ததும் என்னைத் திரும்பிப் பாத்தா. விளையாட்டு நெசம்தான்னு அவ முகத்தில எழுதியிருந்துச்சு. அதுவே எனக்குப் பாதி வெற்றி.

ஆனா கோச் என்னை உக்கார வெச்சிட்டாரு. முதல் கால் பங்கு முழுக்க பெஞ்சு. ரெண்டாவதில பின் மூலையில கொஞ்ச நேரம். மூணாவதில மறுபடி பெஞ்சு. உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கிரவுண்ட் சேறாப் போச்சு. நம்ம டீம்ல வேகமா ஓடுற பையன் ஒருத்தன் பந்தை ஓங்கி அடிச்சான். பந்து சொத்துன்னு சேத்தில ஒட்டிக்கிச்சு, அவன் மட்டும் முன்னால போயிட்டான். இன்னொருத்தன் அடிச்சான், அது வழுக்கிக்கிட்டு எதிராளி கால்ல போய் நின்னுச்சு. அடிச்ச ஒருத்தனுக்கும் பந்து எழும்பி வரல. எழும்பும்னு நம்பி அடிச்சுப் பழகினவங்க எல்லாம் அன்னைக்கு அனாதையா நின்னாங்க.

எழும்பிப் போய் கோச்கிட்டச் சொன்னேன். கேக்கல, சொன்னேன். "சேறு. எழும்பாது. நான் வைப்பேன். போடுங்க என்னை."

அவரு மழையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. உள்ளுக்குப் போன்னு கையைக் காட்டினாரு.

கடைசிக் கால் பங்கு. நாங்க நாலு புள்ளி பின்னால. நேரம் முடியப் போகுது. எங்க கம்பத்துக்கு முன்னால எதிர் டீம் உயர ஒண்ணு உதைச்சாங்க. மழைத்தண்ணி முகத்தில அடிக்குது, பந்து சோப்பு மாதிரி வருது. மழை நாள்ல பூசணி இறக்கினவனுக்கு அது புதுசில்ல. கையால பிடிக்கக்கூடாது, வயித்துக்குள்ள வாங்கணும். மூணு பேர் என் மேல விழுந்தாங்க, நான் வாங்கினேன். சுத்தமான பிடி. நடுவர் விசில் ஊதிட்டாரு. நிதானமா உதைக்கலாம். கோச் கரையிலிருந்து உதை உதைன்னு கத்துறாரு. நிமிர்ந்து பாத்தேன், முன்னால நம்ம ஆள் அத்தனை பேரையும் கட்டிப் பிடிச்சு வெச்சிருக்காங்க. ஒரு ஓரத்தில மட்டும் வெளி.

ஓடினேன். பதினஞ்சு மீட்டர், குனிஞ்சு வெச்சேன், எடுத்தேன். பின்னால வந்தவன் வழுக்கி விழுந்த சத்தம் கேட்டுச்சு. குனியிறதில எனக்கு ஒரு அடி போகுது, சேத்தில அவங்களுக்கு மூணு அடி போகுது. ரெண்டாவது தடவை வெச்சேன். பக்கத்திலிருந்து ஒருத்தன் பாஞ்சு வந்தான், நான் குனிஞ்ச நேரம் பாத்து என் முதுகுக்கு மேலால பறந்து போனான். மூணாவது தடவை வெச்சேன். என் டீம்காரன் ஒருத்தன் பக்கத்திலேயே ஓடி வந்து எனக்கு வழி மறிச்சுக் குடுத்தான். ஏழாவதோ எட்டாவதோ தடவை வெக்கும்போது மைதானத்தில யாரோ "ஒன்ன! ஒன்ன!"ன்னு கத்துறாங்க, யாருடா அதுன்னு பாத்தா நான்தான் கத்திக்கிட்டு ஓடுறேன். கம்பம் கிட்ட வந்துச்சு. உதைச்சேன். அசிங்கமான உதை, தாழ்வா, சுத்திக்கிட்டே போச்சு. போய் நடு ரெண்டு கம்பத்துக்குள்ள நுழைஞ்சுது. கம்பத்துக்குக் கீழ நின்ன நடுவர் ரெண்டு கைச் சுட்டு விரலையும் நீட்டிக் காட்டினாரு. ஆறு.

அப்புறம் எல்லாரும் என் மேல விழுந்தாங்க. சேத்துக்குள்ள முகம் புதைஞ்சு மூச்சு முட்டிச்சு, சிரிச்சேன், அழுதேன், வாய் நெறையச் சேறு. ரெண்டு புள்ளியில நாங்க வென்னோம்.

கோச் குடை இல்லாம நடந்து வந்தாரு. இவ்வளவு அசிங்கமான ஓட்டத்தைத் தான் இருபது வருஷத்தில பாக்கலன்னு சிங்களத்தில சொன்னாரு. பாஸ்போர்ட் கொப்பியை நாளைக்கே அனுப்புன்னாரு. நான் அவரைக் கட்டிப் பிடிச்சு அவரு வெள்ளைச் சட்டையை நாசமாக்கிட்டேன்.

சம்சாரம் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தா. நான் வெச்சதை அவ ஒண்ணைக்கூடப் பாக்கலயாம். ஒவ்வொரு தடவை குனியும்போதும் விழப் போறேன்னு நெனச்சுக் கண்ணை மூடிட்டாளாம், கடைசியாத் தெறந்தா பதினேழு பேர் என் மேல கெடக்காங்களாம். அவளுக்கும் கண்ணு கலங்கியிருந்துச்சு, மழைன்னு சொன்னா. டீயை ஊத்தித் தந்துட்டு, அங்கேயே, மழையிலேயே, போனை எடுத்துக் கட்டாருக்கு அடிச்சா. நான் வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பேசலாம்னு கையைப் பிடிச்சேன். கையைத் தட்டி விட்டுட்டு நிமிர்ந்து நின்னு பேசினா.

"அண்ணே, அவரு வரமாட்டாரு. அவரு நாட்டுக்காக ஆடப் போறாரு."

மச்சான் அந்தப் பக்கம் என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கல. போன் கட்டானதை மட்டும் அவ முகத்தில பாத்தேன். அதோட அவரு எங்களோட பேச்சை நிறுத்திட்டாரு. அவளோடயும் பேசல, என்னோடயும் பேசல. தனக்குத் தெரிஞ்சவங்க முன்னால அவரு தலை குனிஞ்சிருக்கணும், அதை நெனச்சா எனக்கு இப்பவும் கூச்சமா இருக்கு. அவ ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டினதில்ல. ஆனா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அங்க லீவு நாள், போனைப் பக்கத்திலேயே வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.

ஆஸ்திரேலியா போனோம். முதல் ரெண்டு மேட்ச்சும் தோல்வி. ரெண்டாவதில எங்களைத் துவைச்சுக் காயப் போட்டுட்டாங்க, அதையும் மறைக்க மாட்டேன். ஆனா என் கையிலிருந்து ஒரு பந்துகூட விழல, எழுதி வெச்சுக்கங்க. மூணாவது மேட்ச்சுக்கு முன்னால வரிசையா நிக்க வெச்சு நாட்டு கீதம் போட்டாங்க. பக்கத்தில உள்ளவங்க சிங்களத்தில பாடினாங்க, நான் தமிழ்ல பாடினேன். மெட்டு ஒண்ணுதானே, யாருக்கும் இடைஞ்சல் இல்ல. அந்த மேட்ச்சை நாங்க வென்னோம். நான் பதினோரு பந்தைப் பிடிச்சேன். எங்க ஆளுங்க என்னைத் தோளில தூக்கிட்டு மைதானத்தைச் சுத்தினாங்க, நான் என் பாட்டில சத்தம் போட்டு அழுதேன், எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

உடுப்பு மாத்துற அறைக்கு வந்து போனைப் பாத்தா, மச்சான்கிட்டேர்ந்து ஒரு வொய்ஸ் மெசேஜ். நாலு மாசத்துக்கு அப்புறம். திட்டத்தான் போறாருன்னு நெனச்சு, ஒரு மூலைக்குப் போய், போனைக் காதில அழுத்தி வெச்சுக் கேட்டேன். முதல்ல ஒரே இரைச்சல், ஆம்பளைங்க கூச்சல் போடுற சத்தம். அப்புறம் அவரு குரல்.

"மச்சான், லைவ்ல பாத்தோம். கேம்ப் ரூம்ல பதினாலு பேர். கீதம் போட்டதும் எல்லாரும் எழும்பி நின்னோம், நேபாளத்துக்காரனும் எழும்பி நின்னான். உனக்குன்னு வெச்சிருந்த கட்டில் இன்னும் காலியாத்தான் இருக்கு. அதில தலையணையை நிமித்தி வெச்சு, அது மேலதான் போனை வெச்சுப் பாத்தோம்."